இரண்டும் சேர்ந்தால்தான் அணைகிறது

புருஷன் சொல்லாமலே வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தால் எந்தப் பெண்டாட்டியும் உடனே சந்தோஷப்பட்டுவிடுவதில்லை. முதலில் யோசிப்பாள்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிய பாப்புவும் அப்படித்தான் யோசித்தாள். அவளுடைய வேலை அறையில் புத்தக அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. மேசைக்கடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஜன்னல் கம்பிகூடத் துடைத்திருந்தது. மூலையில் பழைய பெட்ஷீட் போர்த்தி ஏதோ ஒரு சாமான். கேட்டதற்கு, "குளத்து மோட்டார். ரிப்பேருக்கு ஆள் வரணும்" என்றார் கோச்.

கோச் அவள் கணவர். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர். வீட்டிலும் தெருவிலும் அவருக்கு அதுதான் பேர், பாப்புவுக்கு நாற்பது வயதிலும் பாப்பு என்பதே பேராக நிலைத்துவிட்ட மாதிரி. மிதவைப் பலகை, விசில், கிழிந்த வலை என்று குளத்துச் சாமான்கள் அவர் பின்னாலேயே வீட்டுக்கு வருவது வழக்கம்தான். அதனால் அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

கேட்க நேரமும் இல்லை. வந்த மூன்றாம் நாளே கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

பாப்புவின் தொழில் இன்னும் கட்டாத கட்டடங்களைக் கண்முன்னே காட்டுவது. ஜன்னல் எங்கே, மாடிப்படி எங்கே என்று வரைந்து வைப்பாள். அந்த ஜன்னல் வழியாக வெயில் எப்படி விழும், தூணின் நிழல் எந்தப் பக்கம் சாயும், தரை எவ்வளவு மினுங்கும் என்று கணக்குப் போட்டு நிஜம் போலவே ஒரு படமாக்கித் தருவது கம்ப்யூட்டரின் வேலை. ரெண்டர் போடுவது என்பார்கள்.

அதற்காகவே அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக, செங்கல் கனத்தில். இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் ஒரே ராத்திரியில் முடிகிற படம், ஒன்று மட்டும் செய்தால் இரட்டிப்பு நேரம் எடுக்கும்.

இப்போது கையில் இருப்பது ஒரு நூலகம். வாசலில் நுழைந்து, புத்தக அடுக்குகளுக்கு நடுவே நடந்து, மாடி ஏறிப் போகிற மாதிரி, வரிசையாகப் பல படங்களைக் கோத்த ஒரு சின்னப் படம். கட்டடத்தை வடிவமைத்த இன்ஜினீயர் அம்மாள் அதை மறுநாள் காலை பெரிய குழுவுக்கு முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். அலுவலக வேலையை விட்டுவிட்டுப் பாப்பு சொந்தமாகத் தொழில் தொடங்கியபின் வந்த முதல் பெரிய வேலை. 'உன்னை நம்பித்தான் இருக்கேன்' என்று அந்த அம்மாள் காலையில்தான் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ரெண்டர் போடத் தட்டியதும் இரண்டு கார்டுகளின் விசிறிகளும் இரைந்துகொண்டு கிளம்பும். திரையில் முதல் படம் மெதுவாகத் தெளியத் தொடங்கும். சட்டென்று எல்லாம் கறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி கம்ப்யூட்டர் தானாகவே கண் விழித்துக்கொள்ளும்.

பாப்பு பதறுகிற ரகம் இல்லை. சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கார்டுகளை இயக்குகிற டிரைவர் மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். அது சரிவராமல், முன்பு ஒழுங்காக ஓடிய பழையதைத் தேடிப் போட்டாள். சூடு ஏறுகிறதா என்று எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறுவதற்குள்ளேயே அணைந்தது.

பிறகு கீழ்க் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மேல் கார்டை மட்டும் ஓட்டினாள். செக்குமாடு மாதிரி நிதானமாக ஓடியது. அதைக் கழற்றிவிட்டு மற்றதை ஓட்டினாள். அதுவும் ஓடியது. இடம் மாற்றிச் செருகினாள். அப்போதும் தனித்தனியே ஒரு குறையும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் மட்டும் அணைந்தது.

அப்போதுதான் தம்பிக்குப் போன் போட்டாள். அந்தப் பெட்டியைத் தன் கையால் கோத்துக் கொடுத்தவன் அவன். தொழில் பல் வைத்தியம். கம்ப்யூட்டர் கோர்ப்பது அவனுக்குப் பைத்தியம். அவன் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பல்லுக்கு வருகிறார்கள், மீதிப்பேர் லேப்டாப்போடு வருகிறார்கள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நேரா சுவத்துலதானே சொருகியிருக்கு?"

பாப்புவுக்குச் சுருக்கென்றது. "நாலு வருஷமா அதே பெரிய பிளக்லதான் இருக்கு. நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

தம்பி அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டான்.

மதியம் கிளினிக்கை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதற்காகத் தலையில் மாட்டுகிற சின்ன விளக்கையும் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியையும் கொண்டுவந்திருந்தான். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கண்ணாடியை உள்ளே விட்டு, கார்டு உட்காருகிற காடியை இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"சொத்தை இல்ல," என்றான்.

கார்டின் அடியில் வரிசையாக இருக்கிற தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்தான். அழுத்தி உட்கார வைத்துத் திருகினான். ஓட்டினார்கள். அணைந்தது.

"தனித்தனியா இருந்தா தங்கம். ஒரே வீட்டுல வைச்சா ஆகல. நல்ல மாமியார் மருமகதான் போ," என்றான்.

பாப்பு சிரிக்கவில்லை. அவளுக்கு மாமியார் கிடையாது. மாமனார்தான். அந்தக் கதை அந்த வீட்டில் யாரும் தொடாத கதை. அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் அடுத்துச் சந்தேகப்பட்டது பவர் சப்ளையை. சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக வேலை செய்யும்போது அதால் ஈடுகொடுக்க முடியவில்லை, வயசாகிவிட்டது என்று அடித்துச் சொன்னான். வீட்டுக்குப் போய்த் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அதைவிடப் பெரியதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அதை மாட்ட, இருக்கிற ஒயர்களையெல்லாம் பிடுங்கி மறுபடி கோர்க்க வேண்டியிருந்தது. அக்காவும் தம்பியும் தரையில் உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல அவள் எடுத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் அதிலேயே போயிற்று.

மாட்டி முடித்தார்கள். ஓட்டினார்கள். விசிறிகள் இரைந்தன. முதல் படம் தெளிந்தது. அணைந்தது.

தம்பி தலைவிளக்கைக் கழற்றிக் கீழே வைத்தான். இனிமேல் சந்தேகப்பட எல்லாப் பாகங்களும் உட்காருகிற மதர்போர்டுதான் பாக்கி, அதை மாற்றுவதென்றால் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும், நாளைக் காலைக்குள் நடக்கிற காரியம் இல்லை என்று நோயாளியிடம் சொல்கிற தணிந்த குரலில் சொன்னான். இன்ஜினீயர் அம்மாளிடம் இப்போதே சொல்லிவிட்டால் அவராவது வேறு வழி பார்ப்பார்.

பாப்பு போனைக் கையில் எடுத்தாள். நம்பரும் வந்துவிட்டது. அதைத் தட்டுவதற்கு மட்டும் விரல் போகவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டுடா," என்றாள்.

அவன் ஓட்டினான். அவள் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. பார்வை சும்மா மேசை விளக்கின்மேல் கிடந்தது. வெளியே மேகமூட்டம். அறை இருட்டாக இருந்ததால் தம்பி அதைப் போட்டு வைத்திருந்தான்.

விசிறிகள் இரைந்தன. விளக்கு மங்கியது. படபடவென்று இமைத்தது. கம்ப்யூட்டர் அணைந்ததும் விளக்கு பழையபடி பளிச்சென்று எரிந்தது.

பாப்பு போனைக் கீழே வைத்தாள். "விளக்கு ஏன்டா மங்குச்சு?"

தம்பிக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். மேசை விளக்கு அலமாரிக்குப் பின்னாலிருக்கிற பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியது. கம்ப்யூட்டர் தனியாகச் சுவரில் இருக்கிற பெரிய பிளக்கில். கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் விளக்குக்கு ஏன் வலிக்க வேண்டும்?

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமாகப் புத்தக அலமாரியைப் பிடித்து இழுத்தார்கள்.

சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மல்லாந்து கிடந்தது. விளக்கின் ஒயரும் அதில். கம்ப்யூட்டரின் தடித்த கறுப்பு ஒயரும் அதில். கறுப்பு ஒயர் செருகியிருந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் உருகிச் சுருங்கியிருந்தது. தம்பி தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினான். ஒரு கார்டு ஓடுகிறவரை அந்த நோஞ்சான் ஒயர் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இழுத்தபோது முடியாமல் கைவிட்டிருக்கிறது.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்திருந்தா படம் போறது இருக்கட்டும், வீடே போயிருக்கும்," என்றான்.

பாப்பு அதைக் கேட்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாகத் தன் கம்ப்யூட்டருக்கென்று இருந்த பெரிய பிளக்கில் வேறு ஒரு வெள்ளை ஒயர் செருகியிருந்தது. புத்தம் புதுசு. சுவரோரமாகவே ஒழுங்காக ஓடி, மூலையில் பெட்ஷீட்டுக்கடியில் நுழைந்தது.

குளத்து மோட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். கோச் பெட்ஷீட்டில் மறைத்திருந்தார். பாப்பு அதை இழுத்தாள்.

சக்கரம் வைத்த வெள்ளை நிறப் பெட்டி. முகப்பில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் குண்டுமணி மாதிரி ஒரு சின்ன உருண்டை. பக்கத்தில், பிரிக்காத பாலிதீன் பைக்குள் மெல்லிய நீளக் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது. அதன் நுனியில் மூக்குக்கென்று இரண்டு சின்னக் கொம்பு.

தம்பி குனிந்து பார்த்தான். "அக்கா, இது ஆக்ஸிஜன் மெஷின். மூச்சு முட்டறவங்களுக்கு. இதை நேராச் சுவத்துலதான் சொருகணும், எக்ஸ்டென்ஷன்ல போடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்வாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "அத்தானுக்கா?"

"அவருக்கு இல்ல," என்றாள் பாப்பு.

யாருக்கென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை மாமனார் இவர்களோடுதான் இருந்தார். மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் இல்லாத இடத்தில் மெஷின் ஓடினால் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் பாப்பு வெளியே போயிருந்த நேரம், கம்ப்யூட்டர் தானாக இரைந்துகொண்டு கிடப்பதைப் பார்த்து, கரண்ட் வீணாகிறதே என்று அணைத்துவிட்டார். பாப்புவின் நெடுநாள் உழைப்பு போனது. அவள் கேட்டாள். அவர், பொம்மை பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்றார். அவள், இது என் ஆபீஸ், இனிமேல் இந்த அறைக்குள் கால் வைக்காதீர்கள் என்றாள். அவர் இந்த அறையில் மட்டுமல்ல, இந்த வீட்டிலேயே வைக்கவில்லை. அன்று சாயங்காலமே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நடுவில் கோச் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தார். பால்கனியில் நின்று போனில் பேசப் பழகியதும் அதற்குப் பிறகுதான்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தானுக்கு இப்போதே போன் போட்டு நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினான். பாப்பு தடுத்தாள். முதலில் வேலை.

வெள்ளை ஒயரைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரின் கறுப்பு ஒயரைச் சுவரில் செருகினாள். இரண்டு கார்டுகளும் இரைந்தன. முதல் படம் தெளிந்தது. நூலகத்தின் வாசல், வெயில் விழுந்த படிக்கட்டு. அணையவில்லை. இரண்டாவது படம் வந்தது. மூன்றாவது வந்தது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் விடிவதற்குள் முழுப் படமும் முடிந்துவிடும்.

பாப்பு அந்த இரைச்சலைக் கேட்டபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த நிமிஷத்துக்காகக் காலையிலிருந்து தவம் கிடந்திருக்கிறாள். வந்தபின் அனுபவிக்க முடியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகப் போயிற்று.

தம்பிக்குக் கிளினிக்கிலிருந்து போன்மேல் போன். ஒரு நோயாளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். தன் பவர் சப்ளை அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடட்டும், பிறகு வந்து மாற்றிக்கொள்கிறேன் என்றான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அத்தானை ரொம்பத் திட்டாதே," என்று சொல்லிவிட்டுப் போனான். சற்றுமுன் நாலு கேள்வி கேட்கக் கிளம்பியவனும் அவன்தான்.

கோச் வந்தபோது தலை இன்னும் ஈரமாக இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே கம்ப்யூட்டர் சத்தம் கேட்டு, "ஓட ஆரம்பிச்சிடுச்சா? பரவாயில்லையே," என்று உற்சாகமாக உள்ளே வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். பெட்ஷீட் மடித்து நாற்காலியில் இருந்தது. மெஷின் அறை நடுவே நின்றது. பக்கத்தில் கருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

"குளத்து மோட்டார் புதுசாத்தான் இருக்கு," என்றாள் பாப்பு.

அவர் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் மெஷின்.

"அப்பாவுக்கு மூச்சு ரொம்ப மோசமாயிடுச்சு பாப்பு."

"மெஷினைப் பாத்ததுமே தெரிஞ்சுது. எப்ப வர்றார்?"

கோச் தரையைப் பார்த்தார். "இன்னிக்கு. வண்டி கிளம்பியாச்சு."

மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கோச்சின் அக்கா வீட்டுக்காரருக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல். வீட்டைக் காலி செய்கிறார்கள். அவ்வளவு தூரம் அப்பாவைக் கூட்டிப்போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாப்பு அம்மா வீட்டில் இருந்தபோதுதான் இதெல்லாம் முடிவானது. அப்பாவுக்கு இந்த அறை என்று தானாகவே நினைத்துக்கொண்டு மெஷினை இங்கே வைத்தார். கொண்டுவந்தவர்கள் ஓட்டிப் பார்க்கச் சுவர் பிளக்தான் வேண்டும் என்று சொன்னதால், கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கி எக்ஸ்டென்ஷனில் செருகிவிட்டார். ஒயர் வெளியே தெரியாமல் இருக்க அலமாரியைச் சுவரோடு தள்ளினார். அதை மறைக்கத்தான் வீடு முழுக்கப் பெருக்கினார். அவள் திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். வந்தவள் நூலக வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள். மறுநாள் சொல்லலாமென்றால் அம்மாவின் கண்ணைப் பற்றிய கவலையில் இருந்தாள். அதற்கு மறுநாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"நல்ல நேரம் பாத்துச் சொல்லணும்னு இருந்தீங்க."

"ஆமா."

"வண்டி வாசல்ல வந்து நிக்கிற நேரம்தான் நல்ல நேரமா?"

கோச் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்தார். "நீ வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல பாப்பு. அதான் கேக்கவே இல்ல."

அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் குறையவில்லை. வேறு மாதிரி ஆனது.

"வேணாம்னு சொல்லியிருப்பேனா, வரட்டும்னு சொல்லியிருப்பேனா, எனக்கே தெரியாது," என்றாள். "யோசிச்சிருப்பேன். உங்ககூடச் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தாலும் அழுதிருப்பேன். கடைசியில ஏதோ ஒண்ணு சொல்லியிருப்பேன். அந்த ஒண்ணைச் சொல்லவே விடாமப் பண்ணிட்டீங்க."

கோச் கருகிய பாக்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருகிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். குழந்தைகள் தண்ணீருக்குள் எங்கே கால் வைக்கிறார்கள், எங்கே வழுக்கும் என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. "இது இப்படி ஆகும்னு எனக்குத் தோணவே இல்ல," என்றார்.

கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நூலகத்தின் உள்ளே நுழைந்து முதல் அடுக்குவரை வந்துவிட்டது.

பாப்பு எழுந்தாள். வண்டி வருவதற்குள் ஆக வேண்டியது இருந்தது. இந்த அறையில் பெரிய பிளக் ஒன்றுதான். அதில் கம்ப்யூட்டர் விடியும்வரை ஓடியே ஆக வேண்டும், அதை எடுக்க முடியாது. படுக்கை அறையில் இஸ்திரிப் பெட்டிக்கென்று ஒரு பெரிய பிளக் இருக்கிறது. மெஷினை அங்கே தள்ளிக்கொண்டு போகலாம். அவர் அங்கே படுக்கட்டும். நாம் கூடத்தில் படுத்துக்கொள்வோம்.

சொல்லிக்கொண்டே மெஷினைத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். கோச் எழுந்து பின்னாலேயே போனார்.

"நாளைக்கு?" என்றார்.

"நாளைக்கு உக்காந்து பேசலாம். நான் ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. இன்னிக்கு ராத்திரிக்கு மூச்சும் ஓடட்டும், படமும் ஓடட்டும்."

மெஷினைச் செருகினார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் அந்தக் குண்டுமணி மேலே எழும்பி நடுவில் நின்றது. பாப்பு விளக்கைப் பார்த்தாள். மங்கவில்லை. பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. கட்டிலில் புது விரிப்பைப் போட்டாள். தலையணை இரண்டு வைத்தாள், படுத்தால் மூச்சு முட்டுகிறவர்களுக்குத் தலை உயரமாக இருக்க வேண்டும் என்று.

பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி வந்தது.

கோச்சின் அக்கா முதலில் இறங்கினாள். பாப்புவுக்கு அண்ணி. கோர்ட்டில் டைப்பிஸ்ட். எப்போதும் விறுவிறுவென்று இருக்கிறவள். அன்று என்னவோ மெதுவாக இறங்கினாள். பின் கதவைத் திறந்து அப்பாவுக்குக் கை கொடுத்தாள்.

பாப்பு வாசலில் நின்றாள். சொல்ல ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் அது மறந்து போயிற்று.

கதவு நிறைய நிற்கிற மனிதர் அவர். இப்போது சட்டை தோளில் தொங்கியது. ஒரு கையில் தண்ணீர் பாட்டில் அளவில் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், மறு கையில் ஒரு பை. வாசற்படிகளில் நடுவில் நின்று நின்று ஏறினார். பாப்பு இறங்கிப் போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் அதுதான்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். வேலை அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே கேட்டார். "ஓடுதா?"

"ஓடுது மாமா."

அவர் தலையை ஆட்டினார். நல்லது என்றா, இருக்கட்டும் என்றா, தெரியவில்லை.

படுக்கை அறைக்குக் கூட்டிப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டார். "இது உங்க ரூமாச்சே. நான் எதுக்கு இங்க?"

"இங்கதான் பெரிய பிளக் இருக்கு மாமா."

மாமனார் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கி, பிறகும் கொஞ்சம் பாக்கி இருந்தது. "சரிதான்," என்றார். "இனிமே பிளக் எங்க இருக்கோ அங்கதான் நமக்கு வீடு."

கோச் அப்பாவைக் கட்டிலில் சாய்த்து, மூக்கில் குழாயை மாட்டிவிட்டார். குழாய் காதுக்குப் பின்னால் போகிற விதத்தை இரண்டு தடவை சரிபண்ணினார். மூன்றாம் தடவையும் அவர் விரல்கள் அங்கேயே போவதைப் பாப்பு கதவருகே நின்று பார்த்தாள். கோபம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனாலும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. டீ போடப் போனாள்.

அண்ணி அவளுக்கு முன்னாலேயே சமையலறையில் இருந்தாள். அடுப்பைப் பற்ற வைத்து, பாத்திரத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, கொதிக்கிறதா என்று பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பு டீத்தூளை எடுத்துப் போட்டாள். அப்பாவின் மாத்திரைகள் எந்தெந்த வேளைக்கு என்று அண்ணி சொன்னாள். ராத்திரியில் திடீரென்று விழித்து உட்கார்ந்துகொள்வார், பயப்படாதே, முதுகைத் தடவிக்கொடுத்தால் போதும் என்றாள். எல்லாவற்றையும் கோர்ட்டுத் தாளில் அடித்த மாதிரி வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

"நீங்க எப்ப கிளம்பணும் அண்ணி? சாமானெல்லாம் ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு. நேத்தே லாரி போயிடுச்சு. அவரும் போயாச்சு." அண்ணி அடுப்பைத் தணித்தாள். "நான் போகல பாப்பு."

அடுத்த ரயிலில் போவாள் என்றுதான் பாப்பு முதலில் புரிந்துகொண்டாள். அப்படித்தான் கேட்டாள்.

அண்ணி இல்லையென்று தலையசைத்தாள். "நாளைக்கும் இல்ல. எப்பவும் இல்ல. அவருக்கும் தெரியும். பேசி முடிச்சுட்டோம்." குரலில் அழுகை இல்லை. வெகுநாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த களைப்புதான் இருந்தது. பிறகு பாப்புவின் கையைப் பிடித்தாள். "என் தம்பிகிட்ட இப்ப சொல்லிடாதே. இன்னிக்கு அப்பாவைப் பாத்தே அவன் பாதி ஆயிட்டான். நான் நல்ல நேரம் பாத்துச் சொல்லிக்கறேன்."

நல்ல நேரம். அந்தச் சாக்கைப் பாப்பு இன்று இரண்டாம் தடவையாகக் கேட்கிறாள்.

மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் படுக்கை அறையிலிருந்து கோச்சின் குரல் வந்தது. "பாப்பு, அக்காவுக்கு எத்தனை மணிக்கு ரயில்னு கேளு. நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

அண்ணியின் பிடி இறுகியது. பாப்பு அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கொதிக்கிற டீயைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இங்கதான் தங்கறாங்க," என்றாள் சத்தமாக. "அலைச்சலா இருக்காம்."

"அப்ப நல்லதாப் போச்சு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பல நாளைக்குப் பிறகு அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது.